நானும் முருகனும்

கையிலிருந்த சாவிக்கொத்தால் அழகுசுந்தரம் உத்தரத்தை மூன்று முறை தட்டினார். சற்றுப் பொறுத்து, இருட்டுக்குள் எங்கோ கிடந்த அதன் மறுமுனையிலிருந்து மூன்று தட்டல் திரும்பி வந்தது.

"முருகா!" என்றார். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

கொத்தமங்கலத்தில் அந்தப் பழைய பெரிய வீட்டை இடித்து மரம் எடுக்கும் வேலையை அவர்தான் ஒப்பந்தம் எடுத்திருந்தார். காலையில் மழை பிடித்ததும் ஆட்கள் எல்லோரும் எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடிவிட்டார்கள். தூண்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று இவர் மட்டும் உள்ளே போனார். இரண்டாங்கட்டின் கூரை அப்படியே இறங்கிவிட்டது.

இடுப்புக்குக் கீழே கல்லும் மண்ணும். முகத்துக்கு ஒரு சாண் மேலே உத்தரம். புரண்டு படுக்கக்கூட இடமில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மழைச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

பதில் சொன்னது அந்தத் தட்டல் ஒன்றுதான்.

ஆட்கள் எல்லோரும் டீக்கடையில் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்படியென்றால் தட்டுவது யார்? மாதக் கார்த்திகை தவறாமல் குன்றக்குடி மலையேறுகிறவர் அவர். வேறு யார் வருவார்?

மூச்சு முட்டும்போதெல்லாம் தட்டினார். பதில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மயங்காமல் கிடந்தார். வெளியே மண்ணை அள்ளும் சத்தம் நெருங்கியபோது, அவர் தட்டாமலேயே அங்கிருந்து தட்டல் கேட்டது. மூன்றோடு நிற்கவில்லை, வேகவேகமாக, விடாமல்.

"பயப்படாதேங்குறியா அப்பனே? பயப்படல... பயப்படல" என்று விம்மினார்.

தீயணைப்பு வீரர்கள் அவரை வெளியே இழுத்தபோது மழை விட்டிருந்தது. மனைவி சுபலட்சுமி ஓடிவந்து அவர் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"பொழச்சு வந்துட்டீகளே! அந்த முருகன்தான் காப்பாத்துனான்!"

"காப்பாத்துனது மட்டுமில்ல சுபா. கூடவே இருந்தான். நான் தட்டத் தட்ட அவனும் தட்டுனான்."

தீயணைப்பு அதிகாரி குனிந்து கேட்டார். "அய்யா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள வேற யாரும் இருக்காங்களா? அந்தச் சுவர் இனிமே நிக்காது. தள்ளி விட்டுரணும்."

அழகுசுந்தரம் கைகளைக் கூப்பினார்.

"நானும் முருகனும் மட்டுந்தான் சார் இருந்தோம்."

சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேலையாட்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்கள், ஒருவரும் குறையவில்லை. அதிகாரி கையசைக்க, ஜேசிபி முன்னே நகர்ந்தது. நனைந்து ஊறிய சுவர் இரண்டாங்கட்டின் மேல் மொத்தமாகச் சாய்ந்து அமர்ந்தது.

யாரோ தெருவிலேயே சூடம் ஏற்றினார்கள்.

"வெற்றிவேல் முருகனுக்கு..."

"அரோகரா!"

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நனைந்த சேலையோடு ஒரு பெண் வந்தாள். ஊர்க்கோடியில் ஆடு மேய்க்கும் செம்மலையின் மனைவி கருப்பம்மாள். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கடைசியில், நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்த அழகுசுந்தரத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"ஆடு மட்டும் வீட்டுக்கு வந்துருச்சுய்யா. மழை பேஞ்சா எங்க வீட்டுக்காரவுக இங்குட்டுத்தான் ஒதுங்குவாக."