பகல் ஷிப்டின் முதல் காலை

ஆறு வருஷமாக மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, மகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தூங்கப் போன மனுஷன், இன்று பகல் ஷிப்ட் கிடைத்து, குளித்துத் தலைவாரிக் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே ரொட்டிக்கு மூன்றாம் தடவையாக வெண்ணெய் தடவுகிறாள். எப்போதும் மூடிக் கிடக்கும் ஜன்னல் திரை விலகி, வெயில் அவர் தட்டில் வந்து விழுகிறது. "அப்பா, மஞ்சக்கரு உடையாத முட்டை உங்களுக்குத்தான்!" என்று மகள் குதிக்கிறாள். வெளியே பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. பையை மாட்டிக்கொண்டு ஓடுகிறவள், பழக்கதோஷத்தில் அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டு, "குட் நைட்ப்பா!" என்கிறாள். "குட் நைட்டுடா செல்லம்," என்று கொட்டாவி விட்டபடியே அவர் எழுந்து படுக்கையறைக்கு நடக்கிறார். வெண்ணெய்க் கையோடு மனைவி ஓடிப்போய் மறிக்கிறாள்.

"அட சாமி, வாசல் அந்தப் பக்கம்!"