ஒரு வரி ஏறினால்

"நீ சொல்லு நீக்கிலாஸ். நீ சொன்னால்தான் இவர்களுக்கு விளங்கும்" என்றான் இனாக்கி.

டென்மார்க்கின் வைலே நகரத்து டேனிஷ் வகுப்பில் அன்று விவாதம். 'ஒரு மொழிக்கு ஒரு நாடு வேண்டுமா?' என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதியிருந்தார். இனாக்கி ஸ்பெயினில் தனி மொழி பேசும் பாஸ்க் இனத்தவன். டேனிஷ்காரி ஒருத்தியைக் கட்டி இங்கே வந்தவன். அவனுக்குப் பேச இதைவிட வேறென்ன வேண்டும்?

"பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழியில் வாய் திறந்ததற்காக என் அப்பாவின் விரலில் ஒரு மோதிரத்தை மாட்டினார்கள். அதே குற்றம் செய்த இன்னொருவனைக் காட்டிக்கொடுத்தால்தான் அதைக் கழற்றலாம். மாலையில் மோதிரம் யார் விரலிலோ அவனுக்கு அடி. அப்பா எங்களோடு அந்த மொழியில் பேசவே இல்லை. நான் வளர்ந்த பிறகுதான் படித்தேன். எங்களை நாங்களே ஆண்டிருந்தால் இது நடந்திருக்குமா?"

எல்லோரும் இலங்கைத் தமிழரான நீக்கிலாஸைப் பார்த்தார்கள். அவர் ஆசிரியையின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். யார் பேசினாலும் அது எதையோ குறித்துக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எந்த மொழியிலும் வாழலாம்" என்றார்.

இனாக்கி உட்கார்ந்துவிட்டான். அன்று இடைவேளையில் அவருக்குக் கோப்பி எடுத்து வரவில்லை.

பஸ் தரிப்பில், அதே வகுப்பில் படிக்கும் லோரன்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டான். இருவரும் மன்னாரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள்.

"என்ன அண்ணை இது? சிங்களச் சோதனை எழுதமாட்டன் எண்டு கச்சேரியில அரசாங்க வேலையையே விட்டனீங்கள். நீங்களே இப்பிடிச் சொல்லலாமோ?"

"மெல்லக் கதையும். மனிசியையும் பிள்ளையையும் இங்க கூப்பிடக் குடுத்த பைல் கொப்பன்ஹேகனில கிடக்கு. நான் நாடு கேக்கிறவன் எண்டு அதில ஒரு வரி ஏறினா, அவ்வளவுதான்."

"ஆர் அண்ணை ஏத்தப்போறாங்கள்?"

"ஊரில ஆர் ஏத்தினவங்கள் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"சனிக்கிழமை நாடு கேட்டுப் போற ஊர்வலத்துக்காவது வாங்கோ. என்ர மனிசியின்ர பைலும் அங்கதான் கிடக்கு. நான் போறன்தானே."

"அதுதான் உமக்கு இன்னும் பதில் வரேல்லை."

"உங்களுக்கும் வரேல்லையே அண்ணை."

நீக்கிலாஸ் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பாவம், அந்த மனிதர் பயத்தை மனைவி பற்றிமாவுக்கு எழுதும் கடிதத்துக்குள்ளும் கொண்டுபோனார். பிரித்துப் படிப்பார்கள் என்ற நினைப்பு. எட்டுப் பக்கம் எழுதுகிறவர் நாலு வரியோடு நிறுத்தினார். 'இங்கு எல்லோரும் நல்லவர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.' மாதாமாதம் அதே நாலு வரி. 'நீங்கள் முந்தி மாதிரி எழுதுவதில்லை' என்று பற்றிமா இரண்டு முறை கேட்டாள். அதற்கும் ஒரு குறையும் இல்லை என்றே பதில் போட்டார். எழுதும்போது கண் கலங்கும். அது கடிதத்தில் தெரியாதே.

எண்பத்தொன்பது சனவரியில் அவளுடைய கடிதம் வந்தது.

'எங்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒன்றரை வருடமாக நம்பினேன். ஒரு குறையும் இல்லாதவருக்கு நாங்கள் எதற்கு? அண்ணன் குடும்பத்தோடு நானும் பிள்ளையும் போகிறோம். தேட வேண்டாம்.'

எங்கே போகிறோம் என்று அவள் எழுதவில்லை. கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நீக்கிலாஸ் வகுப்புக்குப் போனார். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வாசலிலேயே லோரன்ஸ் பத்திரிகையோடு நின்றான்.

"பாத்தீங்களோ அண்ணை? எங்கட ஆக்களின்ர பைலுகளை ஒதுக்கி வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். ஊர்வலம் போன என்ரயும், வாய் திறக்காத உங்கடயும் ஒரே அலுமாரியிலதான் கிடந்திருக்கு. ஒருத்தரும் திறந்துகூடப் பாக்கேல்லை."