கோப்பையில் இருந்த வித்தியாசம்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யில்ல. பொய்யின்னா என் காப்பி மெஷின் இன்னிக்கே வெடிக்கட்டும்.

இத்தாலில, சாஞ்ச கோபுரம் நிக்கிற பைசா ஊர்ல, கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பண்ற கட்டடத்துக்கு எதிர்த்தாப்ல என் காப்பிக் கடை. அன்னிக்குக் காலம்பர ஆத்துப் பனி கடைக்குள்ளயே வந்துருச்சு. நின்னு குடிக்கிறவங்க எல்லாம் மெதக்குற மாதிரி இருந்துச்சு.

ஃபோஸ்காங்கிற ஆராய்ச்சிப் பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கிறா.

"மூணு வருஷ வேலை, நெல்லோண்ணே! ஓடுற கார்ல ஒருத்தி போன் பேசறா. அந்தப் பேச்சை ஒரு டவர் அடுத்த டவருக்குக் கை மாத்தி விடணும், அவளுக்குத் தெரியவே கூடாது. அதைப் பேப்பர்ல வட்டமும் அம்புமா வரைஞ்சு ஒரு மெஷினாப் போட்டேன். ப்ரொபசர் செல்லாதுன்னுட்டார்!"

"கை மாத்துன பெறகும் ஒரு அம்பு பழைய டவருக்கே போகுதே?" பக்கத்துல நின்ன ப்ரொபசர் எர்மேட்டே மீசையைத் தடவினார். "கடுகளவு வித்தியாசம்னாலும் எனக்குத் தெரிஞ்சுரும்மா."

நான் அவருக்குக் கோப்பையை நீட்டுனேன். ஃபோஸ்கா என் கையில இருந்த டப்பாவைப் பாத்துட்டா.

"இது வறுத்த பார்லிப் பொடி! காப்பின்னு சொல்லி ஆறு மாசமா இவருக்கு இதையா ஊத்துற, ஃப்ராடு?"

என் காது சூடாயிருச்சு. அவருக்கு நெஞ்சு வலி. காப்பி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியும் மனுஷன் கேக்கல. அவர் சம்சாரம் நோர்மாதான் என் கையைப் புடிச்சுக் கெஞ்சினாங்க. "பார்லியை ஊத்து தம்பி. தெரிஞ்சா வேற கடைக்குப் போயிடுவார், சொல்லிடாத."

ஃபோஸ்கா சிரிச்சா. "என் மெஷின்ல கடுகு தெரிஞ்சுது. உங்க கோப்பைல யானை தெரியலையா ப்ரொபசர்?"

அவர் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணாடி பூரா ஆவி. கனவுல பேசற மாதிரி சொன்னார்.

"மொத நாள், மொத வாயிலேயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"முன்னெல்லாம் நோர்மா தூங்கவே மாட்டா. துடிக்குதான்னு என் நெஞ்சு மேல கையை வெச்சுக்கிட்டே கெடப்பா. இவன் பார்லி ஊத்துறதுலேர்ந்து நல்லாத் தூங்குறா." கோப்பையைக் காலி பண்ணினார். "நீ போயி அந்த அம்பைத் திருத்து. அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத."

அவ்ளோதாங்க. கேட்டீங்க, கேட்டுக்கிட்டே குடிச்சும் முடிச்சீங்க. ஆளாளுக்குக் காப்பிக் காசை எடுத்து வையுங்க. கோப்பைல இருந்தது என்னன்னு தெரிஞ்சிருந்தாலும், அவரை மாதிரி பேசாமக் குடுத்துட்டுப் போங்க!