பெரிய சிவப்புப் பட்டன்

"அப்பாவுக்கு அத அமுக்கத் தெரியலடா. ஒத்துக்க" என்றாள் பாட்ரீசியா.

கோலா சுங்கை பாருவில் இருந்த அப்பாவின் வீட்டில், அவர் இறந்த மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு சூசன் ஆண்டி மட்டும் அடுப்படியில் டீ கலக்கிக்கொண்டிருந்தார். அப்பா கிளாரன்ஸ் கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலி சும்மா கிடந்தது.

தம்பி ஜோஷுவாவுக்குச் சுருக்கென்றது. இணையதளம் வடிவமைப்பது அவன் தொழில். எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பெரியவரும் ஒரே பக்கத்தைத் தடுமாறாமல் பயன்படுத்த வேண்டும் என்று மேடையேறிப் பேசுகிறவன். தனியாக இருந்த அப்பாவுக்கென்றே ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தான். பாஸ்வேர்டு கிடையாது, மெனு கிடையாது. போனைத் திறந்தால் ஒரே ஒரு பெரிய சிவப்புப் பட்டன். அதை அமுக்கினால் புக்கிட் பெருவாங்கில் இருக்கும் இவனுடைய போன் அலறும்.

"காலையிலயே நெஞ்சு வலி வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் பன்னண்டு மணிக்கு வந்து பாக்குறேன், போன் கையிலயே இருக்கு. உனக்குக் கால் வந்துச்சா?" என்று கேட்டாள் பாட்ரீசியா.

"வரல."

"அப்புறம் என்ன?"

"அவருக்கு நல்லாவே தெரியும்க்கா. போன மாசம் ரெண்டு தடவ சும்மா கை பட்டு அடிச்சிருச்சு. நான் மீட்டிங்ல இருந்தேன், அலறியடிச்சு வெளிய ஓடி வந்தேன். கொஞ்சம் கோவமாக்கூட பேசிட்டேன். அப்புறம் அதையும் சரி பண்ணிட்டேன்லா."

சூசன் ஆண்டி டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"தெரியும் பாட்ரீசியா. எனக்கே அமுக்கிக் காட்டினாரு. மனுசனுக்கு ஒரு டீ குடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்னு மூணு தடவ சொல்லுவாரு. நாலாவது தடவ கேட்டாத்தான் வாங்குவாரு."

ஜோஷுவா அதைக் காதில் வாங்கவில்லை. தான் செய்த பக்கம் அப்பாவைக் கைவிட்டதா இல்லையா என்று தெரியாமல் இனி அவனால் தூங்க முடியாது. லேப்டாப்பைத் திறந்தான். அந்தப் பக்கத்தில் விரல் படுகிற ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

"வலி திடீர்னு வந்திருக்கும்க்கா. பட்டனத் தொடவே நேரம் இருந்திருக்காது. நீயே பாரு."

திரையை அவள் பக்கம் திருப்பினான்.

9.12க்கு அமுக்கியிருந்தார். 9.20க்கு மறுபடியும். பிறகு 9.41க்கு. பாட்ரீசியா விரல் வைத்து எண்ணினாள். பதினோரு மணிக்குள் ஏழு தடவை.

"ஏழு தடவ கூப்பிட்டிருக்காரு. ஒண்ணுகூட உனக்கு வரலையா?"

ஜோஷுவா ஏழு வரியையும் விரித்தான். சும்மா கை பட்டால் போன் அடிக்கக் கூடாது என்று போன மாதம் அவன் சேர்த்த ஒரு கேள்வியும், அதற்கு அப்பா அமுக்கிய பதிலும், ஏழு வரியிலும் ஒன்றுபோல் இருந்தன.

'ஜோஷ் வேலையில் இருக்கிறார். இப்போதே கூப்பிடவா?'

'வேண்டாம்.'