கடல் உப்பும் கஞ்சி உப்பும்

கையிலிருந்த சின்ன மெஷினோடு இணைந்த கண்ணாடி இழையை, ஆராய்ச்சி மாணவி உமைமா மெல்ல உள்ளே இறக்கினாள். எண்ணூர்ப் பக்கம் கடலுக்குள் நிற்கும் கான்கிரீட் தூண்களைச் சுற்றி உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வேவு பார்க்கிற இழை அது.

ஆனால் இன்று அது இறங்கிய இடம் கடல் இல்லை. கல்மண்டபத்துப் பள்ளிவாசல் கொல்லையில் கொதித்துக்கொண்டிருந்த நோன்புக் கஞ்சி அண்டா!

"இன்னா புள்ள சொல்லுது?" கஞ்சி காய்ச்சும் மஜீது கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

நேற்று கை தவறி உப்பைக் கொட்டிவிட்டார். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று எல்லாரும் நோன்பில் இருக்கும்போது, யார் ருசி பார்த்துச் சொல்வது? இன்றும் கரித்தால் வேறு ஆள் என்று நிர்வாகி முபாஷிர் பாய் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வேறு ஆள் பாயுடைய மச்சான்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

இந்த அடுப்படியை விட்டால் மஜீதுக்கு ரமலான் ஏது?

"நேத்து ராத்திரி வூட்டுல கஞ்சி காச்சி, உப்பு சரியா கீறப்போ இன்னா நம்பர் காட்டுதுன்னு பாத்து வெச்சுகினேன் மாமு. இப்பவும் அதே நம்பர்தான். தைரியமா ஊத்துங்க."

நோன்பு திறக்க வீட்டுக்கு வாங்கிப்போகத் தூக்குவாளிகளோடு வரிசை நின்றது. வழக்கம்போல முதல் வாளி முபாஷிர் பாய் வீட்டுக்குப் போயிற்று. மஜீதுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

பாதி அண்டாகூடக் காலியாகவில்லை. கைக்குட்டையால் தாடியைத் துடைத்தபடி பாய் விறுவிறுவென்று வந்தார்.

"இன்னா மஜீது, இன்னிக்கும் உப்பை அள்ளிக் கொட்டிக்கீறே? நாளைக்கு நீ வராதே!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"உப்பு கரெக்டா கீது பாய். மெஷின்லயே பாத்தாச்சு." உமைமா திரையைக் காட்டினாள்.

"அட போம்மா! கடல்தண்ணி பாக்குற மெஷினுக்குக் கஞ்சியப் பத்தி இன்னா தெரியும்? அப்போ என் நாக்கு பொய் சொல்லுதா? தொண்டையில எறங்க மாட்டேங்குது!"

மஜீது கரண்டியைக் கீழே வைத்தார். மனிதர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்:

"பாங்கு இன்னும் சொல்லலியே பாய்?"