உள்ளே அழுவது யாரு?

தண்ணீர் வாரியத்து ஆள் பெரிய ஸ்பானரோடு வாசலில் நின்றார். நாலு மாசப் பாக்கி. குழாயை மூடிவிட்டுப் போக வந்திருந்தார்.

“அவருக்கு வேலை போயிடுச்சு சார். தையல் காசு வந்ததும் கட்டிடறேன்” என்றாள் தையல்காரி, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூட எடுக்காமல்.

“எல்லா வீட்லயும் இதே பாட்டுதான். வீட்ல எத்தனை பேர்?”

அவளுக்குத் திக்கென்றது. கழிவுநீர்க் கட்டணம் இனி தலைக்கு இவ்வளவு என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஒரு தலை கூடினால் பில்லும் கூடும். நேத்துப் பிறந்த தலை, நரைத்த தலை என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது.

“மூணே பேர் சார். நான், அவர், எங்க நாத்தனார்.”

வாயை மூடவில்லை, உள்ளே குழந்தை வீறிட்டது.

“அது யாரு?”

“டி.வி. சார்.”

நாத்தனார் கெட்டிக்காரி. சட்டென்று டி.வி.யைப் போட்டு அலறவிட்டாள். குழந்தை அதைவிடப் பெரிதாக அலறியது.

“உள்ள வந்து பார்க்கலாமா?”

“அதெல்லாம் முடியாது சார். வீடு போட்டது போட்டபடி கிடக்குது.”

ஆள் நகர்வதாக இல்லை. கொடியைப் பார்த்தார்.

“இந்தக் குட்டிச் சட்டை?”

“தைக்கக் குடுத்தது.”

“ஈரமா இருக்கே?”

மனுஷனா இவன்! வந்தோமா, மூடினோமா, போனோமா என்றில்லாமல் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறானே! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“மூடணும்னா மூடிட்டுப் போங்க! எதுக்கு இப்படி நோண்டறீங்க? இல்லாதவங்கன்னா அவ்வளவு இளக்காரமா?”

அவர் ஸ்பானரைப் படியில் வைத்தார். தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“காலையிலேர்ந்து வீடு வீடா மூடி, ஊர் சாபத்தையெல்லாம் வாங்கிட்டு வரேம்மா. கைக்குழந்தை இருக்கிற வீட்ல தண்ணியை நிறுத்தக் கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு. நாங்களா அதைச் சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்ல வாய்ப்பூட்டு. கண்ணால பார்த்தாதான் நான் எழுத முடியும். புண்ணியமாப் போகும், அந்த டி.வி.யைக் கொஞ்சம் இடுப்புல தூக்கிட்டு வாங்க!”