கீபோர்டுக்குள் இரண்டு எறும்புகள்

ஓர் ஆபீசில், கறுப்பு லேப்டாப்பின் கீபோர்டுக்குள் ஓர் எறும்பு குடியிருந்தது. பக்கத்து மேசை வெள்ளி லேப்டாப்புக்குள்ளும் ஓர் எறும்பு.

ஒருநாள் கறுப்பு லேப்டாப் எறும்பு ஆவல் தாங்காமல் போய்க் கேட்டது: "உங்க மேடம் கேக்கைத் தவிர எதையும் தொடமாட்டாங்களாமே? இந்த லேப்டாப் வச்சிருக்கவங்க எல்லாருமே அலட்டல்தானே."

"உங்க சார் மட்டும்? அந்த லேப்டாப்காரங்க சுத்தக் கஞ்சப்பிசினாறிங்க. ஒரு துணுக்கு சிந்துவாரா?"

"நேத்துகூட சிந்தினாரே." ரோஷத்தோடு ஓடிப்போய் ஒரு மசால்வடைத் துணுக்கை இழுத்துவந்தது. அதில் பாதிக் கறிவேப்பிலை ஒட்டியிருந்தது.

வெள்ளி லேப்டாப் எறும்பு அதையே பார்த்தது. பிறகு உள்ளே போய், தன் வீட்டு வடைத் துணுக்கை உருட்டிவந்து பக்கத்தில் வைத்தது. மீதிக் கறிவேப்பிலை அதில் இருந்தது.

"யாரு யாருக்குப் பிட்டுக் கொடுத்திருப்பாங்க?" என்றது கறுப்பு லேப்டாப் எறும்பு, மெதுவாக.